பூச்சி முதுகில் பத்தொன்பது புழுக்கள்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வாசல் காவலாளிக்கும் அக்கா, மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடும் இயக்குநருக்கும் அக்கா. அப்படிக் கூப்பிட நிஜமாகவே உரிமை உள்ளவன் ஒருத்தன்தான், அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்திரண்டு. அவனை ஆளாக்கிவிட்டுத் தன்னைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்தாள். அவன் ஆளாகி முடித்தபோது அவளுக்கு யோசிக்கிற வயது தாண்டிவிட்டது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் வேலை மீன்களின் வாயைத் திறந்து பார்ப்பது. கடல்மீன் நோய்களை ஆராயும் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. அதுவும் வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. இருபத்திரண்டு வருடம் நீடிக்கிற தற்காலிகம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. முதல் தடவை கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மீனுக்குப் பல் டாக்டரா?" அவளும் சலிக்காமல், "பல்லு இல்லீங்க, நாக்கு" என்பாள்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. காலை ஆறு மணிக்குத் துறைமுக ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். கட்டைவிரல் கீழ்த்தாடையில், ஆள்காட்டிவிரல் செவுள் மூடியின் ஓரத்தில். லேசாக ஒரு அழுத்து, மீன் வாயைத் திறந்துவிடும். பத்து மீனில் ஒன்றுக்கு, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாக்கு இருக்காது. சுண்டுவிரலின் முதல் கணு அளவுக்கு வெளிறிய பூச்சி ஒன்று உட்கார்ந்துகொண்டு, இரண்டு கறுப்புக் கண்ணால் அவளையே பார்க்கும். குஞ்சாக இருக்கும்போதே செவுள் வழியாக உள்ளே புகுந்து, நாக்கின் வேரைப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஜந்து அது. குடிக்கக் குடிக்க நாக்கு சூம்பிப்போகும். அப்புறம் அந்த இடத்தில் அதுவே குடியிருக்கும். மீன்காரர்கள் அதற்கு வைத்த பேர் நாக்குப் பூச்சி. படித்தவர்கள் வைத்த பேர் வாயில் நுழையாது.

அந்தப் பூச்சியோடு சில சமயம் ஒரு புழு கிடைக்கும். அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், தட்டை உடம்பு, பின்பக்கம் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கவ்விகள். மீனை உறிஞ்சுகிற பூச்சி, அந்தப் பூச்சியை உறிஞ்சுகிற புழு. ஓசிச் சோறு தின்கிறவன் வீட்டில் இன்னொருத்தன் ஓசிக்கு வந்து உட்கார்ந்த கதை. கேட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை பிடித்துப்போனது. அதுதான் வினையாகிவிட்டது.

ஏன் என்று தெரிய ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிவப்புப் பேனா என்பார்கள். படிவங்களில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். "காலியா விட்டா நீ பாக்கலன்னு அர்த்தம். பாக்காம இருக்கறதுக்கு நீ எதுக்கு?" என்று நேருக்கு நேர் கேட்பார். அப்படி மூன்று வட்டம் வாங்கிய ஒரு பெண்ணின் வேலை அடுத்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. அன்றிலிருந்து அக்கா எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

அந்த நாள்களில் வழக்கம் இதுதான்: ஒரு மீன், ஒரு பூச்சி, ஒரு பாட்டில். மீனை முழுசாக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, புழு இருந்தால் அது எங்கே ஒட்டியிருந்தது என்று படிவத்திலும் சீட்டிலும் எழுத வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதி, பூச்சி கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்பிரிட்டுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து காலத்துக்கும் நிற்கும். நின்றது, பாவம்.

ஒரு கோடை வெள்ளிக்கிழமை மதியம் குளிர் அறையின் இயந்திரம் உயிரை விட்டது. உள்ளே பூச்சி பிடித்த நாற்பது மீன். பழுது பார்ப்பவன் திங்கள்கிழமைதான் வருவான். மற்றவர்கள் எல்லாம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார்கள். மீன் நாற ஆரம்பிக்கும் முன்பு முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் ஐந்தாறு மீனை முறைப்படி பார்த்தாள். அதில் இரண்டு பூச்சிகளின் முதுகில் புழு இருந்ததைக் கண்ணாரக் கண்டாள். அதற்குமேல் நேரம் இல்லை. மிச்ச மீன்களின் வாயிலிருந்து பூச்சிகளைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரே வாளி ஸ்பிரிட்டில் போட்டாள். சில வாய்களை அப்படியே வாளிக்குள் அலசியும் விட்டாள். சாயங்காலம் வாளியை வடிகட்டியபோது அடியில் பதினேழு புழுக்கள் தனியாகக் கிடந்தன.

அவை எங்கே ஒட்டியிருந்தன? பூச்சி மேலா, மீனின் அண்ணத்திலா, செவுளிலா? யாருக்குத் தெரியும்? படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. சிவப்புப் பேனா திங்கள்கிழமை வந்துவிடுவார். பார்த்த இரண்டும் பூச்சியின் முதுகில்தானே இருந்தன, மற்றவை வேறு எங்கே இருக்கப்போகின்றன என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு பூச்சியைத் துணை சேர்த்து, பத்தொன்பது பாட்டில், பத்தொன்பது சீட்டு. எல்லாவற்றிலும் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில், "பூச்சி முதுகில்."

திங்கள்கிழமை ஒரு வட்டமும் வரவில்லை. அவளுக்கு நிம்மதி.

அடுத்த வருடம் சிவப்புப் பேனா ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் டாக்டரம்மா. நாற்பது வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷி. அக்காவுக்கு முதல் முறையாக நாற்காலி போட்டு எதிரில் உட்கார வைத்து டீ கொடுத்தவர். வருடா வருடம் அவள் வேலையைப் புதுப்பிக்கும் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய் இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி வருகிறவர். அலமாரியைக் குடைந்தபோது அவர் கண்ணில் அந்தப் பத்தொன்பது பாட்டில்கள் பட்டன.

"அக்கா, பத்தொன்பதுல பத்தொன்பது! ஒண்ணுகூட மீன் மேல இல்ல. இது பூச்சியைத் தின்னுற புழுக்கா!" என்று குழந்தை மாதிரி குதித்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இந்தப் 'பிறகு' இருக்கிறதே, அது எத்தனை பேர் குடியைக் கெடுத்திருக்கிறது!

கட்டுரை வந்தது. படிவத்தில் "புழு எங்கே இருந்தது" என்ற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள், அதுதான் தெரிந்துவிட்டதே! முழு மீனை வாங்கி வருவதும் நின்றது. ஏலக்கூடத்திலேயே பூச்சியை மட்டும் இடுக்கியால் பிடுங்கிக்கொண்டு மீனை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாட்டிலில் புழு கிடந்தால் அது பூச்சியின் மேல் இருந்தது என்று கணக்கு. அப்படி நானூறு பாட்டில் சேர்ந்தது. அந்த நானூறும் பழைய பத்தொன்பதின் மேல்தான் நின்றன, பழைய பத்தொன்பது அவள் பயத்தின் மேல் நின்றது. டாக்டரம்மா கட்டுரையின் கடைசி வரியில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார். செய்தித்தாளில் இருவரும் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது.

அந்தப் படத்தைக் கத்தரித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் மிதவைக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டியவன் தம்பி.

தம்பி பத்து வருடம் பிறத்தியார் படகில் போய்வந்தவன். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் ஆனதும் பெண்டாட்டியின் தொணதொணப்பில் கடலை விட்டு, கரையோரக் கழிமுகத்தில் மிதவைக் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்க ஆரம்பித்தான். ஆறு கூண்டு. வலைக்குள் மீன்கள் நெருக்கியடித்து வாழும் இடம் நாக்குப் பூச்சிக்குக் கல்யாண வீடு. விரல் நீளக் குஞ்சுகள் பூச்சி ஏறி வாடி, வயிறு ஒட்டி மிதந்தன. மருந்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். பூச்சி சிரித்தது, மீன் செத்தது.

"அக்கா, அந்தப் புழுவை எனக்குக் கொஞ்சம் குடேன். பூச்சியைத் தின்னட்டும். நீ கண்டுபிடிச்சதுதானே?" என்று கேட்டவன் அவன்தான்.

டாக்டரம்மாவுக்கும் அதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிகளில் புழுவின் முட்டைகளைச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்ப்புக் கூண்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். முதல் சோதனைக்கு அக்காவின் தம்பியே முன்வந்தால் வேறென்ன வேண்டும்? நாள் குறித்தார்கள். அடுத்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுக்கு. அங்கேதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒரு தொட்டியில் பூச்சி பிடித்த மீன்கள் இருந்தன. அங்கே புழுக்கள் கொழுத்தன. இன்னொன்றில் மீன் இல்லாமல், வலைப்பெட்டிக்குள் பூச்சிகளையும் அவற்றின் மேல் புழுக்களையும் மட்டும் விட்டிருந்தார்கள். நான்காம் நாள் புழுக்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. பூச்சிகள் பத்தாம் நாளும் கால்களை உதறிக்கொண்டிருந்தன. சாப்பாட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு யாராவது பட்டினி கிடந்து சாவார்களா?

"தண்ணி ஒத்துக்கலக்கா" என்றார் டாக்டரம்மா.

அக்கா ஒரு புழுவை எடுத்து இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். குடல் முழுக்கக் கரும்பழுப்பு. மீனின் ரத்தம் செரித்தால் வருகிற நிறம் அது, அவளுக்குப் பழகிய நிறம். பூச்சியின் சொந்த ரத்தத்துக்கு நிறமே கிடையாது. பூச்சி குடித்து வைத்திருக்கும் மீன் ரத்தத்தைப் புழு குடிக்கிறதோ என்று பார்த்தால், பூச்சியின் ஓடு நகம் மாதிரி கெட்டி. புழுவின் வாய் வெறும் சவ்வு. அதில் துளை போட ஒரு பல் கிடையாது. இதையெல்லாம் டாக்டரம்மாவும் பார்த்திருக்கிறார். ஆனால் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று எழுதி வைத்திருக்கும்போது, பார்ப்பதெல்லாம் அதற்கு ஏற்றபடிதானே தெரியும்.

குறித்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தம்பியின் கூண்டுகளைப் பார்க்கப் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கான வாய்களைத் திறந்திருக்கிறாள். எல்லாம் செத்த வாய், பனிக்கட்டியில் விறைத்த வாய். தண்ணீரிலிருந்து அந்த நொடி எடுத்த மீனின் வாயை அவள் திறந்ததே இல்லை. ஆய்வுக்கூடத்துத் தொட்டி மீன்களைத் தொடக்கூடாது, புழு முட்டை கொட்டிவிடும் என்று உத்தரவு.

"புடிச்சுக்கோடா, துள்ளுது" என்றாள். தம்பி ஈரச் சாக்கில் மீனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அவள் விளக்கை அடித்தாள்.

பூச்சி இருந்தது. அதன் முதுகில், கடலிலிருந்து தானாக வந்து ஏறிய புழு ஒன்றும் இருந்தது. கவ்விகள் எல்லாம் பூச்சியின் ஓட்டைத்தான் பிடித்திருந்தன, அதில் பொய் இல்லை. ஆனால் அதன் கழுத்து! அரிசி நீளம் என்று அவள் நினைத்திருந்த புழு, மூன்று மடங்கு நீண்டு, பூச்சியின் தலையைத் தாண்டிப் போய், மீனின் அண்ணத்தில் வாயைப் பதித்திருந்தது. அண்ணத்தில் அந்த இடம் மட்டும் சிவந்து கன்றியிருந்தது. உறிஞ்சிய ரத்தம் கறுப்பு நூலாக அந்தக் கழுத்து வழியே இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. அவள் இடுக்கி நுனியால் தொட்டாள். அவ்வளவுதான், வாயை விடுவித்துக்கொண்டு சுருங்கி, ஒன்றும் தெரியாத மாதிரி பூச்சியின் முதுகில் படுத்துக்கொண்டது.

இத்தனை வருடம் அவர்கள் பார்த்தது இந்தப் படுத்துக்கொண்ட புழுவைத்தான். பூச்சி அதற்குச் சோறு இல்லை, உட்காருகிற நாற்காலி. சாப்பாடு மீனிடம்தான். இதைக் கூண்டில் ஊற்றினால் ஒன்றுக்கு இரண்டாக மீனை உறிஞ்சும்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கற?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. வெயில்."

தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் உள்ளே போகவில்லை. தம்பி பெண்டாட்டி, "அண்ணிக்கு என் சமையல் புடிக்கல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். சொன்னால் டாக்டரம்மாவின் ஆறு வருட உழைப்பு தரைமட்டம், அவள் வேலையும் போகும். சொல்லாவிட்டால் தம்பியின் ஆறு கூண்டும் போகும். அக்காவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மென்று விழுங்கினாள். புதன்கிழமை டாக்டரம்மாவின் அறைக்குள் போய், நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பத்தொன்பது பாட்டில்... நான் கண்ணால பாத்தது ரெண்டுதான்."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "என்னக்கா சொல்றீங்க?"

வாளி, ஸ்பிரிட், பழுதான இயந்திரம், சிவப்பு வட்டம், ஞாயிற்றுக்கிழமை பார்த்த கழுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் அந்தப் புழுவின் பெரிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என் மேல ஏதாவது கோபமாக்கா?"

"ஐயோ, உங்க மேலயா?"

"பின்ன ஏன் சொல்லல? ஆறு வருஷம் எதிர்லயே உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல?"

அக்காவுக்கு அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டாள். இந்த இடத்தில் அழுதால் அது இன்னொரு ஏமாற்று என்று அவளுக்குப் பட்டது.

டாக்டரம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "ஒரு மீன்ல பாத்ததை வச்சு எல்லாத்தையும் தூக்கிப் போட முடியாது. ஆனா ஆறு கூண்டுலயும் ஊத்தவும் எனக்கு இப்போ தைரியம் இல்ல. கூண்டு உங்க தம்பியோடது. நிறுத்தறதா, ஒண்ணுல மட்டும் பாக்கறதா, அவர்தான் முடிவு பண்ணணும். அவர்கிட்ட நீங்களே பேசுங்க. எதுக்குன்னும் நீங்களே சொல்லுங்க."

அன்று டீ வரவில்லை.

தம்பியிடம் போக வியாழக்கிழமையும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. முடிவு அவனுடையது என்பதால் வெள்ளிக்கிழமை காலை ஆறு கூண்டுக்கும் ஆறு கேன்கள் மிதவையில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான புழுக் குஞ்சுகள். டாக்டரம்மா ஒரு ஓரமாக நின்றார். தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். அக்கா அவனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள். இரண்டாவது தடவை என்பதால் வார்த்தை சுளுவாக வந்தது. ஆனால் வலி குறையவில்லை.

தம்பி சிரித்தான். "நீ எப்பவும் இப்படித்தானேக்கா. பள்ளிக்கூடத்துல என்னைச் சுற்றுலா கூட்டிட்டுப் போனப்போ பஸ் கவுந்துடும்னு ஜன்னல்ல தொங்கிட்டு அழுத. நான் படகு ஏறினப்போ எட்டு நாள் நீ சாப்பிடல. பஸ் கவுந்துச்சா? படகு முழுகிச்சா?"

"இது அது இல்லடா. நான் பாத்தேன்."

"அப்பவும் பாத்துத்தானே எழுதின?" அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். அதில் அவள் கையில் ஒரு பாட்டில். உள்ளே சீட்டு. "உன் கையெழுத்து. ஊரே படிச்சுது. அதை நம்பறதா, இப்போ நீ பயந்துக்கிட்டு சொல்றதை நம்பறதா?"

அவள் எழுதிய பொய்யை அவன் நம்பினான். அவள் சொல்லும் உண்மையை நம்ப மறுத்தான். கோபித்துக்கொள்ள முடியுமா? அவளை நம்ப வேண்டும் என்று அவனை வளர்த்தவளே அவள்தான்.

அக்கா வெளியே வந்து, ஐந்து கேன்களை வரிசையாக இழுத்து வைத்து, அவற்றின் முன்னால் ஈர மிதவைப் பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட ரகளை செய்யாதவள். "ஒண்ணுல ஊத்து. ஒரு மாசம் பொறு. மீன் நல்லா இருந்தா மிச்சத்தை நானே ஊத்தறேன், என் வாயால உன்கிட்ட மன்னிப்பும் கேக்கறேன். அதுக்கு முன்னாடி இதைத் தொடணும்னா என்னைத் தூக்கித் தண்ணில போட்டுட்டுத் தொடு."

"டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க இவகிட்ட!" என்று கத்தினான் தம்பி.

டாக்டரம்மா சொல்லவில்லை. "ஒண்ணு போதும்" என்றார் மெதுவாக.

தம்பி உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கேனைத் தூக்கினான். ஓரமாக இருக்கும் ஆறாவது கூண்டில் நோஞ்சான் மீன்கள். அதில்தான் ஊற்றுவான் என்று அவள் நினைத்தாள். அவன் மூன்றாவது கூண்டுக்குப் போனான். அதுதான் அவனுடைய நல்ல கூண்டு. கொழுத்த, கையகல மீன்கள். பூச்சி அதிகம் ஏறாமல் தப்பி வளர்ந்த ஆயிரத்து இருநூறு உருப்படி.

"அதுல வேணாம்டா!"

"எங்க அக்கா புழு. நல்ல கூண்டுலதான் ஊத்துவேன்" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்தான். அவளைக் குத்துவதற்காகச் சொன்னானா, பெருமைக்குச் சொன்னானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மாதம் அக்கா வாரா வாரம் போனாள். உயிருள்ள மீன், ஈரச் சாக்கு, விளக்கு. படிவத்தில் இல்லாத கட்டத்தை ஸ்கேல் வைத்துத் தன் கையாலேயே போட்டுக்கொண்டாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. தம்பி நமட்டுச் சிரிப்புச் சிரித்தான். இரண்டாம் வாரம் அண்ணங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மூன்றாம் வாரம் அவன் சிரிக்கவில்லை. நான்காம் வாரம் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போய், அலசிய துணி மாதிரி இருந்தது. பூச்சிகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அவற்றின் முதுகில் உட்கார்ந்துகொண்டு புழுக்கள் கழுத்தை நீட்டின. மூன்றாவது கூண்டின் மீன்கள் காலையில் பக்கவாட்டில் மிதக்கத் தொடங்கின. டாக்டரம்மா மிதவையில் மண்டியிட்டு, தன் கையாலேயே ஒரு வாயைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மீனை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். கையைக் கழுவிக்கொண்டு படகில் ஏறிவிட்டார்.

மற்ற கூண்டுகளுக்குப் பரவாமல் இருக்க மூன்றாவது கூண்டை வலையோடு கரைக்கு இழுத்தார்கள். ஆயிரத்து இருநூறில் மிச்சமிருந்த மீன்களையும் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்தார்கள். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மண்ணைத் தள்ளி முடித்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"தெரியாதுன்னு எழுதியிருந்தா என்னக்கா? அன்னைக்கே?"

அவளால் சிவப்புப் பேனாவைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும். வேலை போயிருந்தால் அந்த வருடம் அவனுக்குப் படகில் போட்டுக்கொள்ள உயிர்காப்புச் சட்டைகூட வாங்கித் தந்திருக்க முடியாது என்றும் சொல்லியிருக்க முடியும். அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கழுவி வைத்தாள்.

டாக்டரம்மா கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கருத்தரங்குகளுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. சுவரிலிருந்த படம் போய், சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வருடக் கடைசியில் அக்காவின் கோப்பை அவர் எப்போதும் போலத் தானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கோப்பைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பத்தொன்பது பாட்டிலையும் எடுத்து, சீட்டைச் சரியா மாத்தி எழுதிடுங்க" என்றார். முன்பென்றால் அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு அக்கா இருந்திருக்கும். இப்போது அந்தக் கட்டடத்தில் அவளை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான்.

அக்கா அன்று மதியம் அலமாரியைத் திறந்து பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தாள். மூடியைத் திருகி, இடுக்கியால் பழைய சீட்டை எடுத்தாள். ஏழு வருடம் ஸ்பிரிட்டில் கிடந்தும் எழுத்து அப்படியே இருந்தது. முதல் மீன்களில் பார்த்த இரண்டு எவை என்று தேதி, எண் பார்த்துக் கண்டுபிடித்து, அவற்றின் சீட்டில் "பூச்சி முதுகில். கண்ணால் பார்த்தது" என்று எழுதினாள்.

மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். பென்சிலைச் சீவினாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள், யாராவது சிவப்புப் பேனாவோடு வருகிறார்களா என்று பார்ப்பது போல. யாரும் வரவில்லை. "புழு இருந்த இடம்" என்று எழுதி, பக்கத்தில் "தெரியாது" என்று எழுதினாள். ஒரே ஒரு வார்த்தை. எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சீட்டு நனைந்துவிடாமல் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தம்பியின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். காவலாளி ஓடிவந்து, "என்னக்கா, என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சம் பதினாறையும் எழுதினாள்.